நிக்லஸ் லிட்ஸ்டிரோம்: ஒரு டிஃபென்ஸ்மேனின் இருபது ஆண்டு

கேள்வி இதுதான்: ‘ஐஸ் ஹாக்கி இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். டிஃபென்ஸ்மேன்களில் லிட்ஸ்டிரோமைப் போல ஒருவர் வந்ததே அரிது என்கிறார்கள். அவருடைய வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். யாரையும் இடித்துத் தள்ளவில்லை, வாயைப் பிளக்க வைக்கும் கோல்களும் அதிகம் இல்லை. அப்படி அவர் என்னதான் செய்தார்? ஒரு டிஃபென்ஸ்மேனின் தொழில் வாழ்க்கை பொதுவாக எப்படிப் போகும்?’

துண்டு வீடியோக்களில் தேடினீர்கள், அதனால்தான் கிடைக்கவில்லை. அவர் களத்தில் இருந்தபோது நடக்காமல் போனவைதான் அவருடைய சாதனை. நடக்காததை யாரும் வெட்டி எடுத்துப் போட மாட்டார்கள். முழு ஆட்டமாகப் பார்த்தால், அதிலும் பக் (ஸ்டிக்கால் அடிக்கும் ரப்பர் வட்டு) போகும் பக்கம் கண்ணை விடாமல் 5ஆம் எண் சட்டையை மட்டுமே பார்த்தால், பத்து நிமிடத்தில் உங்களுக்கே புரிந்துவிடும். நான் அவருடைய பழைய ஆட்டங்களை அப்படித்தான் பார்த்துப் பழகினேன். இன்றைக்கும் அலுக்கவில்லை.

முதலில் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஓர் அணியில் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பது கோலைக் காக்கும் கோலியோடு சேர்த்து ஆறு பேர். அதில் மூன்று பேர் தாக்கி ஆடும் ஃபார்வர்டு, இரண்டு பேர் தடுத்து ஆடும் டிஃபென்ஸ்மேன். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஓர் அணி ஆட்டத்துக்கு வழக்கமாக 12 ஃபார்வர்டுகளையும் 6 டிஃபென்ஸ்மேன்களையும் இறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பன்னிரண்டு பேர் மூன்று மூன்றாகப் பங்குபோட்டு ஆடுகிறார்கள், ஆறு பேர் இரண்டிரண்டாக. அதனால் டிஃபென்ஸ்மேனுக்குக் களத்தில் கழியும் நேரம் கூடுதல். 60 நிமிட ஆட்டத்தில் நல்ல டிஃபென்ஸ்மேன் 22, 25 நிமிடம்கூட ஆடுவார். ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடம்போல முழு வேகத்தில் ஆடுவது, வெளியே வந்து மூச்சு வாங்குவது, மறுபடி இறங்குவது. ஒரு சீசனுக்கு இப்படி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம். அதற்கு அப்புறம் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள்.

இந்த வேலையில் பாதி, பின்னோக்கி ஸ்கேட் செய்தபடியே நடக்கிறது. எதிரணி ஃபார்வர்டு ஒருவர் பக்கோடு முழு வேகத்தில் உங்களை நோக்கி வருகிறார். நீங்கள் அவரைப் பார்த்தபடி பின்னால் போகிறீர்கள். இருவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகம் விட்டால் அவர் நிதானமாக ஷாட் அடிப்பார். குறைவாக விட்டால் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி உங்களைத் தாண்டிவிடுவார், நீங்கள் திரும்புவதற்குள் கோலி தனியாக நிற்பார். சரியான இடைவெளி என்பது ஏறக்குறைய ஒரு ஸ்டிக் நீளம். ஆனால் அது நிலையாக இருப்பதில்லை. வருகிறவரின் வேகம், அவர் எந்தக் கை ஆட்டக்காரர், அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்பதையெல்லாம் பொறுத்து நொடிக்கு நொடி மாறும்.

லிட்ஸ்டிரோம் இதைச் செய்த விதத்தைக் கவனியுங்கள். அவர் ஃபார்வர்டின் கண்ணையோ பக்கையோ பார்த்து ஏமாறுவதே இல்லை. ஸ்டிக்கின் தட்டையான நுனி எப்போதும் பனியில் பதிந்திருக்கும். களத்தின் நடுப்பகுதியை அந்த ஸ்டிக்கால் அடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் திறந்து வைப்பார். வருகிறவருக்கு ஓரத்தில் வழி இருப்பதுபோலத் தெரியும். அந்தப் பக்கம் போவார். போகப் போக வழி சுருங்கும். கடைசியில் பலகைச் சுவரும் லிட்ஸ்டிரோமும் இரண்டு பக்கம் நிற்க, போக இடமில்லாமல் பக்கை விட்டுவிடுவார், இல்லையென்றால் கோலே விழ வாய்ப்பில்லாத கோணத்திலிருந்து ஒரு ஷாட் அடிப்பார். மோதல் இல்லை, சத்தம் இல்லை. அரங்கத்தில் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். பக் மட்டும் கை மாறியிருக்கும்.

வேலையின் மறுபாதி இன்னும் கொடியது. எதிரணி பக்கை உங்கள் பகுதியின் மூலைக்குள் அடித்துவிட்டு, அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. நீங்கள் திரும்பி, சுவரை நோக்கி ஓடி, பக்கை எடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் 90, 100 கிலோ எடையுள்ள ஓர் ஆள் முழு வேகத்தில் வருகிறான். அந்த நேரத்தில் தோளுக்கு மேலாக ஒருமுறை, முடிந்தால் இருமுறை திரும்பிப் பார்த்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று படம் பிடித்துக்கொண்டு, பக்கைத் தொடும் முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று முடிவு செய்திருக்க வேண்டும். தொட்ட பிறகு யோசித்தால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் ஃபின்லாந்து டிஃபென்ஸ்மேன் யோனி பிட்கனென் 2013 ஏப்ரலில் இப்படி ஒரு பக்கைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதி குதிகால் எலும்பை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்.எச்.எல்.லில் அவர் ஆடவே இல்லை. அப்போது அவருக்கு 29 வயது. கோல் கோட்டைத் தாண்டிப் போன பக்கைத் தொட இரு அணியினரும் கடைசிவரை பந்தயம் ஓட வேண்டும் என்று இருந்த விதியை அதே ஆண்டு மாற்றினார்கள். இப்போது யார் முதலில் வருவார் என்பதை மூலை வட்டத்தின் அருகிலேயே கோட்டு நடுவரான லைன்ஸ்மேன் முடிவு செய்துவிடுகிறார். இன்று பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சின்ன விசில் சத்தம்தான்.

இவ்வளவு இருப்பதால்தான் டிஃபென்ஸ்மேன்கள் பழுக்க நாளாகும். பதினெட்டு வயது ஃபார்வர்டு வேகத்தையும் கைத்திறனையும் வைத்துக்கொண்டு நேராக லீகில் இறங்கி அசத்திவிடலாம். அவர் தவறு செய்தால் பின்னால் இருவர் இருக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் தவறு செய்தால் பின்னால் கோலி மட்டும்தான். ஆயிரக்கணக்கான சூழ்நிலைகளைப் பார்த்துப் பழகினால்தான் அந்த நொடிக்கணக்கு உடம்பில் ஊறும். அதனால் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுத்த பையனைப் பல ஆண்டுகள் ஜூனியர் லீகிலோ, ஐரோப்பிய கிளப்பிலோ, அமெரிக்கன் ஹாக்கி லீகிலோ விட்டுவைப்பார்கள். பொறுமையில்லாத அணிகள் இதில் எத்தனையோ நல்ல பையன்களைக் கெடுத்திருக்கின்றன என்பது என் கருத்து. இருபது வயதில் தினமும் தவறு செய்து, தினமும் பெஞ்சில் உட்கார்த்தப்பட்டு, பக் காலடிக்கு வந்தாலே பயப்படும் ஆளாகிவிடுகிறார்கள்.

லிட்ஸ்டிரோமுக்கு அது நேரவில்லை. 1970 ஏப்ரல் 28 அன்று ஸ்வீடனில் பிறந்தவர், வெஸ்டரோஸ் நகரத்தின் கிளப்பில் ஆடியவர். 1989 டிராஃப்டில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அவரை மூன்றாவது சுற்றில், 53ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கு முன்னால் 52 பெயர்களை வாசித்தார்கள். அதே டிராஃப்டில் அதே அணி நான்காவது சுற்றில் செர்கேய் ஃபெதோரோவையும், 221ஆவது ஆளாக விளாடிமிர் கான்ஸ்டன்டினோவையும் எடுத்தது. ஹாக்கி வரலாற்றில் ஓர் அணிக்கு இதைவிட நல்ல டிராஃப்ட் நாள் அமைந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

எடுத்ததும் அவரை இழுத்து வரவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகள் வெஸ்டரோஸிலேயே ஆடினார். 1991இல் ஸ்வீடன் அணியில் உலகச் சாம்பியன்ஷிப் தங்கம் வென்றார். அந்த இலையுதிர்காலத்தில்தான் டெட்ராய்ட்டுக்கு வந்தார், 21 வயதில்.

அங்கே அவருக்குக் கிடைத்த ஜோடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிராட் மெக்ரிம்மன், கனடாக்காரர், முப்பதைத் தாண்டியவர், 1989இல் கால்கரி அணியோடு லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்றவர். டிஃபென்ஸ்மேன்கள் ஜோடியாகத்தான் வாழ்கிறார்கள். ஒருவர் முன்னேறினால் மற்றவர் பின்னால் நிற்க வேண்டும், ஒருவர் மூலைக்குப் போனால் மற்றவர் கோலின் முன்னால் இருக்க வேண்டும். இளையவருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மூத்தவர் நின்றால் அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் வேறில்லை. மெக்ரிம்மன் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் லிட்ஸ்டிரோம் முதல் சீசனிலேயே 80 ஆட்டத்தில் 11 கோல், 49 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), ஆக 60 புள்ளி எடுத்தார். சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் பாவெல் பூரேவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அப்புறம் மெக்ரிம்மன் பயிற்சியாளரானார். 2011 செப்டம்பர் 7 அன்று ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் லோகோமோட்டிவ் அணியை ஏற்றிச் சென்ற விமானம் விழுந்தபோது அவரும் அதில் இறந்துபோனார். அந்த விபத்தை நினைக்கும்போதெல்லாம், லிட்ஸ்டிரோமின் முதல் ஆண்டு ஆட்டங்களில் அவருக்குப் பக்கத்தில் தெரியும் அந்தத் தடித்த உருவம் என் கண்ணுக்கு வரும்.

ஸ்வீடன்காரர் என்பதால் இன்னொரு சுமையும் இருந்தது. 1973இல் பெரியே சால்மிங் டொராண்டோவுக்கு வந்தபோது, ஸ்வீடன் ஆட்டக்காரர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று அரங்கங்களில் வெளிப்படையாகவே கேலி செய்தார்கள். சால்மிங் அடியையும் உதையையும் வாங்கிக்கொண்டே 1,000 ஆட்டங்களுக்கு மேல் ஆடி அந்தப் பேச்சைத் தேய வைத்தார். ஆனாலும் தொண்ணூறுகளில் பிளேஆஃபுக்கு முரட்டு டிஃபென்ஸ்மேன்தான் தேவை, நளினமானவர் தாங்க மாட்டார் என்ற நம்பிக்கை பலமாகவே இருந்தது.

அந்த நம்பிக்கைக்குப் பதில் கிடைத்தது 1997 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில். எதிரணி ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ். அதன் முதல் வரிசையில் எரிக் லிண்ட்ரோஸ், ஜான் லெக்ளேர், மிக்கேல் ரென்பெரி. மூவருமே மலைபோன்ற ஆட்கள், எதிரில் நிற்பவரைச் சுவரோடு நசுக்கிவிட்டுப் போகிறவர்கள். டெட்ராய்ட் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் இவர்களுக்கு எதிராகக் கான்ஸ்டன்டினோவையும் ஃபெதிசோவையும் இறக்குவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கான்ஸ்டன்டினோவ் அந்த லீகிலேயே கடுமையாக மோதுகிறவர்களில் ஒருவர். போமன் இறக்கியதோ லிட்ஸ்டிரோமையும் லாரி மர்ஃபியையும். இருவருமே இடிக்கிற ரகம் இல்லை.

போமனின் கணக்கு எளிமையானது. இடிக்க வேண்டுமானால் அவர்களிடம் பக் இருக்க வேண்டும். மூலைக்குள் பக் வந்ததும் இவர்கள் இருவரும் ஒரே தொடலில் பாஸ் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டால், ஃப்ளையர்ஸின் மூவரும் வந்து சேரும்போது அங்கே மோத ஒன்றும் இருக்காது. அப்படியேதான் நடந்தது. டெட்ராய்ட் நான்குக்கு நான்கு வென்றது. லிண்ட்ரோஸ் அந்தச் சுற்றில் அடித்த ஒரே கோல், நான்காவது ஆட்டம் முடிய 15 நொடிகூட இல்லாதபோது விழுந்தது. அதே ஆட்டத்தின் முதல் கோலை அடித்தவர் லிட்ஸ்டிரோம். டெட்ராய்ட்டுக்கு 42 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த கோப்பை அது.

ஆறு நாள் கழித்து, 1997 ஜூன் 13 அன்று, வெற்றிக் கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய வாகனம் விபத்துக்குள்ளாகி, கான்ஸ்டன்டினோவுக்கு மூளையில் பலத்த காயம் ஏற்பட்டது. அவர் திரும்ப ஆடவே இல்லை. அந்த ஆண்டு சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தவர் அவர். ஒரே நாளில் ஒரே அணி தேர்ந்தெடுத்த இரண்டு டிஃபென்ஸ்மேன்கள். ஒருவருக்கு 30 வயதில் முடிந்துவிட்டது, மற்றவர் இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆடினார். 1998இல் மறுபடி கோப்பை வென்றபோது கான்ஸ்டன்டினோவைச் சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்கு அழைத்துவந்து கோப்பையை அவர் மடியில் வைத்தார்கள். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, விருதுகளுக்கு வருவோம். நாரிஸ் கோப்பையை 1954 முதல் கொடுக்கிறார்கள், வாக்களிப்பவர்கள் ஹாக்கிப் பத்திரிகையாளர்கள். லிட்ஸ்டிரோம் 1998, 1999, 2000 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இரண்டாவது இடம். முதல் முறை ராப் பிளேக், அடுத்து அல் மெக்கின்னிஸ், அடுத்து கிறிஸ் புரோங்கர் வாங்கிப்போனார்கள். மூவருமே இடியும் அடியும் கண்ணுக்குத் தெரியும் ஆட்டக்காரர்கள். 2001இல், 31 வயதில்தான் லிட்ஸ்டிரோமுக்கு முதல் நாரிஸ். அதற்குப் பிறகு 2002, 2003, 2006, 2007, 2008, கடைசியாக 2011. மொத்தம் ஏழு. எட்டு வென்ற பாபி ஓர் மட்டுமே அவருக்கு மேலே இருக்கிறார், டக் ஹார்வி அவருக்குச் சமம். ஏழு நாரிஸ் வாங்கியவர் முப்பது வயதுவரை ஒன்றுகூட வாங்கவில்லை என்பதிலிருந்து, அவரை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளப் பார்வையாளர்களுக்கு எத்தனை ஆண்டு பிடித்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இங்கே பாபி ஓரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் எப்போதும் ஒப்பிடுவார்கள். டிஃபென்ஸ்மேன் பின்னால் நின்று காவல் காப்பவர் என்ற எண்ணத்தையே உடைத்தவர் ஓர். 1970–71இல் 139 புள்ளி எடுத்தார். லீகிலேயே அதிகப் புள்ளிக்கான விருதை இரண்டு முறை வாங்கினார், அதை வாங்கிய ஒரே டிஃபென்ஸ்மேன் இன்றுவரை அவர்தான். திறமை என்று மட்டும் கேட்டால் ஓர்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அவருடைய முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. 657 ஆட்டத்தில், 30 வயதில் 1978இல் முடிந்துவிட்டது. லிட்ஸ்டிரோம் ஆடியது 1,564 ஆட்டம். அத்தனையும் ஒரே அணிக்கு. அவர் ஓய்வுபெற்றபோது, வாழ்நாள் முழுக்க ஒரே அணிக்கு ஆடியவர்களில் அதுதான் அதிகம். பிளேஆஃபில் இன்னும் 263 ஆட்டம். அவர் ஆடிய இருபது சீசனில் ஒன்றில்கூட டெட்ராய்ட் பிளேஆஃபுக்குள் போகாமல் இருந்ததில்லை.

இவ்வளவு காலம் உடம்பு எப்படித் தாங்கியது என்பதற்கு என் பதில், அவர் மோதாததும் ஒரு காரணம். இடிப்பவருக்கும் வலிக்கும்தானே. 1,564 ஆட்டத்தில் அவர் வாங்கிய தண்டனை நிமிடங்கள், அதாவது தவறுக்காக வெளியே உட்கார்ந்த நிமிடங்கள், 514. சாதாரணத் தண்டனை இரண்டு நிமிடம் என்பதால், ஆறு ஆட்டத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிராகவே எப்போதும் ஆடும் டிஃபென்ஸ்மேனுக்கு இது நம்பவே முடியாத எண். தடுப்பாட்டக்காரர் தவறு செய்வது பெரும்பாலும் தாமதமாகும்போதுதான். ஒரு அடி பின்தங்கிவிட்டால் ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பார், கையால் பிடிப்பார். லிட்ஸ்டிரோம் தாமதமாவதே அபூர்வம்.

2005இல் லீக் திரும்பவும் தொடங்கியபோது இது அவருக்கு இன்னும் உதவியது. 2004–05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தானது. திரும்பி வந்தபோது கொக்கி போடுவது, பிடித்து இழுப்பது எல்லாவற்றுக்கும் விசில் ஊதுவதைக் கடுமையாக்கினார்கள். பிடித்துப் பிழைத்துவந்த பல டிஃபென்ஸ்மேன்களின் வாழ்க்கை அதோடு சரிந்தது. லிட்ஸ்டிரோம் மாற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அடுத்த மூன்று நாரிஸையும் தொடர்ச்சியாக அவரே வாங்கினார். பணத்தில் மட்டும் அடி விழுந்தது. அணிச் சம்பளத்துக்கு 39 மில்லியன் டாலர் உச்சவரம்பு வந்ததோடு, ஏற்கெனவே இருந்த ஒப்பந்தங்களில் எல்லோருக்கும் 24 சதவீதம் வெட்டினார்கள். அதற்கு முன்பு ஆண்டுக்கு 10 மில்லியன் வாங்கியவர், கடைசி இரண்டு சீசன்களில் ஓராண்டு ஓராண்டாக 6.2 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார்.

தாக்குதலில் அவர் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 264 கோல், 878 அசிஸ்ட். அதில் எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. டெட்ராய்ட்டின் பழைய ஜோ லூயிஸ் அரங்கத்தில் கோலுக்குப் பின்னால் இருந்த சுவர் பக்கை நன்றாகத் துள்ளித் திருப்பி அனுப்பும். எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளேயில், எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டில் நின்று பக்கை வாங்கும் லிட்ஸ்டிரோம், முன்னால் கால்கள் நிறைந்திருந்தால் வேண்டுமென்றே கோலுக்கு வெளியே அடிப்பார். பக் பின்சுவரில் பட்டு, கோலின் மறுபக்கத்தில் காத்திருக்கும் ஆளின் ஸ்டிக்குக்கே போய்ச் சேரும். தெரியாதவர் பார்த்தால் குறி தப்பிய ஷாட் என்பார். அது பாஸ்.

2002 முதல் சுற்றில் வான்கூவரிடம் டெட்ராய்ட் முதல் இரண்டு ஆட்டத்தையும் இழந்திருந்தது. மூன்றாவது ஆட்டம் 1–1 என்று இருக்க, ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவது முடியும் தறுவாயில் நடுக்கோட்டை ஒட்டி நின்றபடியே லிட்ஸ்டிரோம் ஒரு ஷாட் அடித்தார். நூறடிக்கும் அருகில் தூரம். கோலி டான் கிளூட்டியே அதை விட்டுவிட்டார். அந்த ஆட்டத்தோடு சேர்த்து வரிசையாக நான்கு ஆட்டங்களை வென்ற டெட்ராய்ட், கடைசியில் கோப்பையையே வென்றது. பிளேஆஃபின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது லிட்ஸ்டிரோமுக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல் முறை. அந்தப் பிளேஆஃப் முழுக்க ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 31 நிமிடம் ஆடியிருந்தார். நான்கு ஆண்டு கழித்து 2006 டுரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஃபின்லாந்தும் ஸ்வீடனும் 2–2. மூன்றாவது பகுதி தொடங்கிய பத்தாவது நொடியில் சுந்தினும் ஃபோர்ஸ்பெரியும் பக்கைக் கொண்டுவந்து கொடுக்க, பின்னாலிருந்து ஓடிவந்து ஒரே அடியில் மேலே ஏற்றினார். தங்கம் ஸ்வீடனுக்கு.

2006இல் ஸ்டீவ் ஐசர்மன் ஓய்வுபெற்றதும் கேப்டன் ஆனார். 2008 ஜூன் 4 அன்று பிட்ஸ்பர்கில், அந்த ஊர் அணியை வென்று, ஸ்டான்லி கோப்பையைக் கேப்டனாக ஏந்தினார். ஐரோப்பாவில் பிறந்து அங்கேயே ஆட்டம் கற்ற ஒருவர் கேப்டனாக அதை வாங்கியது முதல் முறை. கோப்பையைத் தூக்கிச் சுற்றிவிட்டு முதலில் யாரிடம் கொடுப்பது என்பது கேப்டனின் உரிமை. லிட்ஸ்டிரோம் கொடுத்தது டல்லஸ் டிரேக்கிடம். நட்சத்திரமே இல்லாத ஒரு ஃபார்வர்டு. 1989இல் அதே டிராஃப்டில் டெட்ராய்ட் எடுத்து, பிறகு வேறு அணிக்கு அனுப்பி, ஒரு கோப்பைகூட வெல்லாமல் பல அணிகளைச் சுற்றி, கடைசி ஆண்டில் திரும்பி வந்தவர். லிட்ஸ்டிரோம் நான்காவது கோப்பையைத் தொட்ட அந்த நாளில் டிரேக் முதலாவதைத் தொட்டார்.

அடுத்த ஆண்டு அதே பிட்ஸ்பர்கிடம் இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 2–1 என்று தோற்றார்கள். கடைசி நொடியில் இடதுபக்கம் தனியாக நின்ற லிட்ஸ்டிரோமிடம் பக் வந்தது, அடித்தார், கோலி ஃப்ளூரி குறுக்கே பாய்ந்து உடம்பால் தடுத்தார். இவ்வளவு ‘நடக்காமல் போனவற்றை’ உருவாக்கியவருக்கே ஒன்று நடக்காமல் போன நாள் அது.

முடிவு எப்படி வந்தது என்றும் கேட்பீர்கள். பெரும்பாலான டிஃபென்ஸ்மேன்களுக்குக் கால் மெதுவாகும்போது முடிவு வருகிறது. இடைவெளி ஒரு அடி கூடும், ஜோடி மாறும், முதல் ஜோடியிலிருந்து மூன்றாவதுக்கு இறங்குவார்கள், அப்புறம் ஒப்பந்தம் வராது. சிலர் அதை ஏற்றுக்கொண்டு நெடுநாள் தொடர்வார்கள். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள ஸ்லோவாக்கியாவின் ஸ்தெனோ காரா 45 வயதுவரை ஆடி, 1,680 ஆட்டம் என்று டிஃபென்ஸ்மேன்களில் அதிகபட்ச எண்ணிக்கையைத் தொட்டார். ரே போர்க் 21 சீசன் பாஸ்டனில் கோப்பை இல்லாமல் ஆடி, கொலராடோவுக்குப் போய் 22ஆவது சீசனின் கடைசி ஆட்டத்தில் 2001இல் வென்று, அதோடு நிறுத்திக்கொண்டார்.

லிட்ஸ்டிரோம் இறங்கவே இல்லை. 40 வயதில், 2010 டிசம்பரில், தன் வாழ்க்கையின் முதல் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தார். அந்த சீசனில் 62 புள்ளி, ஏழாவது நாரிஸ். அடுத்த சீசனில் கணுக்காலில் அடிபட்டுப் பதினோரு ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். 2012 மே 31 அன்று, 42 வயதில், இனிமேல் தன்னால் தன் தரத்துக்கு ஆட முடியாது என்று சொல்லி நிறுத்தினார். இன்னும் ஓர் ஆண்டு முதல் ஜோடியில் ஆடியிருக்கலாம், எந்த அணியும் வேண்டாம் என்றிருக்காது. அவருக்கு அது போதவில்லை. 5ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று டெட்ராய்ட் 2014இல் அரங்கத்தின் மேலே ஏற்றியது. 2015இல் ஹாக்கி புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள்.

இப்போது பார்க்க ஒன்று சொல்கிறேன். 2008 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம், மூன்றாவது பகுதி. டெட்ராய்ட் 2–1 என்று முன்னால் இருக்கிறது, முதல் பகுதியில் சமன்செய்த கோல் லிட்ஸ்டிரோமுடையது. இரண்டு பேர் தண்டனையில் உட்கார, ஐந்து பேருக்கு எதிராக மூன்று பேர், 86 நொடி. எதிரே பிட்ஸ்பர்கின் நட்சத்திரங்களான கிராஸ்பி, மால்கின். இந்தத் துண்டு எல்லா இடத்திலும் கிடைக்கும், ஏனென்றால் கோலை ஒட்டி கிராஸ்பியின் ஸ்டிக்கை டெட்ராய்ட்டின் ஹென்ரிக் செட்டர்பெரி அடைத்துக் கோலைத் தடுத்தது அதில்தான் இருக்கிறது. அதை ஒருமுறை பாருங்கள், அவருக்கு உரிய பாராட்டைக் கொடுங்கள். பிறகு முதலிலிருந்து ஓட்டி, 5ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். அவருடைய ஸ்டிக் எந்தப் பாஸ் வழியில் கிடக்கிறது, பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ஏன் வேறு பக்கம் கொடுக்கிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.